பெட்டியில் உறங்கும் ஊசியும் நூலும்

(மாணவி, இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன் என்று பள்ளி நாள் முதல் படித்து வருகிறோம். மயில் போர்த்திக்கொள்ளுமா என்று எண்ணிப் பாராமல் கொடுத்த அந்தக் கொடையைக் கொடைமடம் என்று சொல்லிப் புலவர்கள் போற்றினர். பேகனைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் கொடுத்தது தன் தோளில் கிடந்த போர்வை. நாம் கொடுப்பதோ பெரும்பாலும் பரணில் கிடந்தது. வாங்குபவருக்கு அது பயன்படுமா என்று நாமும் எண்ணிப் பார்ப்பதில்லை. பேகனிடமிருந்து மடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கொடையை விட்டுவிட்டோமோ என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

கொடை என்பது பெரிய பொருள். அதை ஒரு சிறிய பொருளை வைத்துப் பேச விரும்புகிறேன். நம் வீடுகளில் பயனற்றுக் கிடக்கும் தையல் சாமான்களே அந்தச் சிறிய பொருள். பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும், "ஆண்டு மலரில் எழுத இவளுக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று முகம் சுளிக்காமல் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

நடுத்தரக் குடும்பத்து வீடு எதிலும் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதைத் திறந்தால் பாதி தீர்ந்த நூல்கண்டுகள், சட்டையிலிருந்து கழற்றிய பட்டன்கள், ஹூக்குகள், துருப்பிடித்த ஊசிகள், எதற்கோ வாங்கிய ஜிப், நைந்த எலாஸ்டிக், ஒரு இஞ்ச் டேப். அலமாரியில் இன்னொரு பை. அதில் எம்பிராய்டரி வளையம், வண்ண நூல்கள், சமிக்கி, மணிகள், பாதி பின்னிய கம்பளிக் குல்லாய். கூடத்து மூலையில் துணி போர்த்திய தையல் மிஷின். ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூசையன்று அதன்மேல் இருக்கும் துணியை நீக்கித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மறுநாள் மீண்டும் துணியைப் போர்த்திவிடுகிறோம். தொழிலுக்கான கருவி வழிபாட்டுக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

இவையெல்லாம் எப்படிச் சேர்ந்தன? பள்ளியில் தையல் வகுப்புக்கு என்று வாங்கியவை சில. கோடை விடுமுறையில் எம்பிராய்டரி கற்கலாம் என்று ஆர்வத்தோடு வாங்கி, கோடை முடியும் முன்பே ஆர்வம் முடிந்ததால் நின்றுபோனவை சில. பாட்டி இருந்தவரை மிஷின் ஓடியது. பாட்டிக்குப் பின் அதை மிதிக்க ஆளில்லை. ஆயத்த ஆடைகள் கடைக்குக் கடை தொங்கத் தொடங்கியபின், வீட்டில் பாவாடையும் சட்டையும் தைக்கும் வழக்கம் குறைந்துவிட்டது. ஆனால் சாமான்கள் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஜாக்கெட் பிட்டின் கதை இன்னும் சுவையானது. திருமணத்திலும் நவராத்திரி கொலுவிலும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் அந்தத் துண்டைப் பெற்றவர் தைத்துக்கொள்வது அரிது. அடுத்த வீட்டு விசேடத்தில் அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அது கைக்குக் கை, வீட்டுக்கு வீடு சுற்றுகிறது. பொருளியல் வகுப்பில் பணத்தின் சுழற்சி வேகம் என்று ஒரு பாடம் உண்டு. ஜாக்கெட் பிட்டும் ஒரு நாணயம் போலத்தான் சுழல்கிறது. நாணயத்தைக் கொடுத்து அரிசியாவது வாங்கலாம். யாரும் உடுத்தாமலே சாயம் போகும் இத்துணியால் யாருக்கு என்ன பயன்?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

தையல் இன்றும் நம் மாநிலத்தில் எத்தனையோ பெண்களின் பிழைப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் சீருடையில் பெரும்பங்கு மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்படுகிறது. கணவனை இழந்தோர், கணவனால் கைவிடப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் முதலியோருக்குத் தையல் மிஷின் தருவதற்காகச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஓர் அரசுத் திட்டம் உள்ளது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய நடுவண் அரசின் விசுவகர்மா திட்டத்தில், உதவி பெறும் 18 தொழில்களுள் தையலும் ஒன்று. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை அதில் கிடைக்கும். அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் போன்றவையும் விழா எடுத்து மிஷின் வழங்குவதைச் செய்தித்தாளில் பார்க்கிறோம்.

இவை போற்றத்தக்கவை. ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மிஷின் வந்துவிட்டது, அதை ஓட்ட என்ன வேண்டும்?

எங்கள் தெருவில் இத்தகைய மிஷின் ஒன்றை வைத்துப் பிழைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, நைட்டிக்கு ஓரம் அடிப்பது, பழைய சட்டையைப் பிடித்துத் தைப்பது ஆகியவையே அவர் வேலை. நான் கண்ட வரையில் அவருடைய கவலை மிஷினைப் பற்றியதன்று. ஒவ்வொரு புடவைக்கும் அதன் நிறத்தில் நூல் வேண்டும். கடையில் முழுக்கண்டாகத்தான் கொடுப்பார்கள். ஒரு புடவைக்கு ஆகும் நூல் கண்டில் சிறுபகுதிதான். மீதியை அதே நிறத்தில் இன்னொரு புடவை வரும்வரை வைத்திருக்க வேண்டும். ஊசி முறிந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். கத்தரிக்கோல் மழுங்கினால் துணி பிசிறடிக்கிறது. பாபின் இரண்டே இருந்தால், நிறம் மாறும்போதெல்லாம் சுற்றிய நூலைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு வேண்டிய அத்தனையும் அதே தெருவில் பத்து வீட்டு டின்களில் உறங்குகின்றன!

பொருளியலில் நிலை முதல் என்றும் நடைமுறை முதல் என்றும் இரண்டைப் பிரித்துப் படிக்கிறோம. மிஷின் நிலை முதல். நூலும் ஊசியும் பட்டனும் எண்ணெயும் நடைமுறை முதல். நிலை முதலுக்கு உலகம் நெடுங்காலமாக வழி கண்டுவருகிறது. எலியாஸ் ஹோவே அமெரிக்காவில் தம் தையல் பொறிக்குக் காப்புரிமை பெற்றது 1846இல். ஐசக் சிங்கர் பெற்றது 1851இல். ஏழைக் குடும்பம் ஒரே தொகையாகக் கொடுத்து வாங்க இயலாது என்று கண்ட சிங்கர் நிறுவனம் 1850களிலேயே தவணை முறையைக் கொண்டுவந்தது. இன்றும் மிஷின் வாங்கக் கடன் உண்டு; மானியம் உண்டு; மேடையும் மாலையும் புகைப்படமும் உண்டு. நூல்கண்டு வாங்க யார் கடன் கொடுப்பார்? பாபின் வழங்கும் விழாவுக்கு எந்தப் பிரமுகர் வருவார்? பெரிய பொருளைக் கொடுக்கப் பெரிய அமைப்புகள் இருக்கின்றன. சிறிய பொருளைக் கொடுக்க வேண்டியவர்கள் அண்டை வீட்டுக்காரர்களாகிய நாம்தான். இதுவே என் கட்டுரையின் மையக் கருத்து.

தையல் மிஷினைப் பற்றிக் காந்தியடிகள் கொண்டிருந்த கருத்து இங்கே நினைக்கத் தக்கது. 1924ஆம் ஆண்டு, இயந்திரங்களையெல்லாம் எதிர்க்கிறீர்களா என்று சாந்திநிகேதனத்து மாணவர் ஒருவர் அவரிடம் கேட்டார். இயந்திர மோகத்தை எதிர்த்த அடிகள், சிங்கரின் தையல் பொறிக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட அன்பினால் பிறந்த பொறி அது என்பது அவர் கருத்து. கேள்வி கேட்ட அந்த மாணவர் ஜி. இராமச்சந்திரன். பின்னாளில் தம் துணைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் அவரே. மனிதனுக்கு உதவும்வரைதான் இயந்திரத்துக்கு மதிப்பு என்பது அடிகள் கொண்ட அளவுகோல். மூலையில் போர்வைக்குள் துருவேறும் மிஷினை அந்த அளவுகோல் எப்படி மதிக்கும்?

"வைத்திருந்தால் என்றைக்காவது உதவும்" என்று நம் தாய்மார்கள் சொல்வார்கள். அதை நான் இகழவில்லை. பட்டன் ஒன்று தொலைந்தால் வேறு வாங்க வழியில்லாத காலத்தைக் கண்டவர்கள் அவர்கள். அந்தச் சிக்கனத்தில்தான் நாம் படித்தோம். ஆனால் தையல் சாமான் பொன் அன்று, பூட்டி வைத்தால் மதிப்பு ஏறுவதற்கு. பருத்தி நூல் பழசானால் வலுவிழக்கும். மிஷினில் கோத்தால் அடிக்கடி அறும். எலாஸ்டிக் காலப்போக்கில் இழுவை போய் நொய்ந்துவிடும். ஊசி நம் கடலோரக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி துணியில் கறையை விடும். ஓடாத மிஷினில் பழைய எண்ணெய் பிசினாக இறுகும். மிஷின் எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மார்கழிக் குளிரில் அது உறைந்து சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். ஆகவே "என்றைக்காவது" என்று நாம் காத்திருக்கும் அந்த நாள் வரும்போது பொருள் பயன்படும் நிலையில் இராது. கொடுப்பதானால் பொருளுக்கு உயிர் இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்துவிடலாமா? இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நம் நாட்டு வரலாறு இதில் இரண்டு பாடங்களைத் தருகிறது.

முதலாவது பூதானம். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானத்துப் போச்சம்பள்ளியில் நிலமற்றவர்கள் தங்களுக்கு 80 ஏக்கர் வேண்டும் என்று வினோபா பாவேயிடம் கேட்டனர். அவ்வூர்ப் பெருமகன் இராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தர முன்வந்தார். நெசவுக்குப் பேர்பெற்ற அவ்வூரில் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவிப் பல இலட்சம் ஏக்கர் நிலத்தைத் தானமாகப் பெற்றது. ஆனால் அப்படிக் கிடைத்த நிலத்தில் கணிசமான பகுதி பாறையும் தரிசும் வழக்கில் சிக்கியதுமாக இருந்தது. பெருமளவு நிலம் உழுபவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. போச்சம்பள்ளியில் கொடுத்தவர் கேட்டதற்கு மேலாகக் கொடுத்தார். பிற்பாடு கொடுத்த பலர் தமக்கு உதவாததைக் கொடுத்தனர். இரண்டும் ஏட்டில் தானம் என்றே பதிவாயின.

இரண்டாவது நம் கடற்கரையில் நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. தமிழ்நாட்டில் பேரிழப்பு நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்தன. கிழிந்தவை, அழுக்கேறியவை, கடற்கரைக்கு ஒவ்வாதவை என்று அவற்றுள் பல சாலையோரத்தில் குவிந்து கிடந்தன. மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. முந்தின நாள் வரை உழைத்துத் தன்மானத்தோடு உடுத்தியவர்கள் அவர்கள். வீட்டை இழந்ததனால் மானத்தையுமா இழந்துவிடுவார்கள்? துயரத்தில் இருப்பவருக்குக் குப்பை அள்ளும் வேலையையும் சேர்த்துக் கொடுத்ததுதான் அந்தத் தானத்தில் ஒரு பகுதியின் பயன்.

இதற்கு மாறான வழியும் உண்டு. அன்ஷு குப்தா 1999இல் தில்லியில் தொடங்கிய 'கூஞ்சு' என்னும் அமைப்பு, பழந்துணியைத் தரம் பிரித்து, துவைத்து, தைத்து, அதன்பின்பே கொடுக்கிறது. சட்டையாக உதவாத பருத்தித் துணி பெண்களின் மாதவிலக்குத் துணியாகிறது. ஊர் மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு தூர்வாரியோ பாதை அமைத்தோ உழைக்கிறார்கள். அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணி வழங்கப்படுகிறது. கையேந்தி வாங்குவதாக அது அமைவதில்லை. அவருக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. பொருளைக் கொடுப்பதைவிட அதைப் பிரிப்பதும் ஒழுங்குபடுத்துவதும் கடினமான வேலை என்பதே அந்தப் பணியிலிருந்து நான் கற்றுக்கொள்வது.

எனவே சில விதிகளை முன்வைக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டும். "என்ன வேண்டும்?" என்று கேட்பதில் கொடுப்பவருக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. ஆரி வேலை செய்பவருக்கு மணியும் ஜரிகையும் வேண்டும். ஃபால்ஸ் வைப்பவருக்கு அவை சுமை. வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்கூடத்துப் பவர் மிஷின் ஊசியின் தண்டு உருண்டையாக இருக்கும். ஒன்று மற்றதில் பொருந்தாது. கேட்காமல் கொடுத்தால் இத்தகைய பொருத்தமின்மை நேரும்.

அடுத்து, சோதிக்க வேண்டும். நூலை ஒரு முழம் உருவி இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அது தானத்துக்கு ஆகாது, பூக்கட்டவும் ஆகாது. எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். துருப்பிடித்த ஊசியைக் காகிதத்தில் பொதிந்து அப்புறப்படுத்துங்கள்; குழந்தைகள் கை வைக்கும் பையில் போடாதீர்கள்.

பிறகு, பிரித்து எழுத வேண்டும். பட்டன்களை நான்கு நான்காக, ஆறு ஆறாக ஒரே மாதிரி சேர்த்து நூலில் கோத்துக் கொடுத்தால் ஒரு சட்டைக்கு ஆகும். ஒற்றைப் பட்டன்களைக் கைவேலைக்கு என்று தனியே வைக்கலாம். துணித் துண்டை அளந்து அளவை ஒரு சீட்டில் எழுதிக் குத்தினால், பெறுபவர் விரித்துப் பார்க்காமலே அது எதற்கு ஆகும் என்று அறிவார். மிகச் சிறிய ஒட்டுத் துணியையும் எறிய வேண்டியதில்லை. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா என்னும் போர்வை ஆக்கினார்கள். இன்று உலகம் அதைக் கலை என்று போற்றுகிறது. நம் திருப்பூரிலும் பனியன் வேஸ்ட் விலைக்குப் போகிறது.

மிஷின் கொடுப்பதானால் முழுமையாகக் கொடுக்க வேண்டும். பாபின் கேஸ் இல்லாத மிஷினைக் கொடுப்பது, சக்கரமில்லாத வண்டியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். பெல்ட்டை மாற்றி, எண்ணெய் விட்டு, ஒரு சாண் துணியில் தைத்துப் பார்த்து, அந்தத் துணியையும் மிஷினிலேயே விட்டுக் கொடுங்கள். "ஓடுகிறது" என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு மறுப்புகள் எழக்கூடும். "பழைய இரும்புக்காரரிடம் போட்டால் நாலு காசாவது கிடைக்குமே" என்பார் சிலர். கிடைக்கும், எடைக்கு உரிய விலை கிடைக்கும். ஒரு குடும்பத்துக்குச் சோறு போடக்கூடிய கருவியை இரும்பின் எடைக்கு விற்பது எந்தக் கணக்கில் இலாபம்? பணம் தேவைப்படும் வீடு விற்கட்டும். அது அவர்கள் உரிமை. தேவைப்படாத வீட்டைப் பற்றியே நான் பேசுகிறேன்.

"இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது, மக்கள் தலையில் ஏன் கட்டுகிறாய்?" என்பார் வேறு சிலர். இதில் பாதி எனக்கும் உடன்பாடே. மிஷின் வழங்கும் அரசும் சங்கங்களும் அதனோடு ஒரு கத்தரிக்கோல், பத்து ஊசி, பத்து பாபின், பல நிற நூல்கண்டுகள், ஒரு புட்டி எண்ணெய் ஆகியவற்றையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்று நாம் கோர வேண்டும். அந்தக் கோரிக்கை நிறைவேறும்வரை டின்னை மூடியே வைத்திருப்பது நியாயமாகாது.

"இலவசமாக வாங்குவது தன்மானத்துக்கு இழுக்கு" என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே கனமானது. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முன்னதாக ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊராரோடு ஊராராக ஒத்து வாழ்வது. தையல் சாமான் விஷயத்தில் எனக்கு வேண்டியது ஒப்புரவே. பெயர் கேட்காமல், வருமானச் சான்று கேட்காமல், புகைப்படம் எடுக்காமல் ஒரு மேசைமேல் பரப்பி வைப்போம். வேண்டியவர் வேண்டியதைத் தேர்ந்து எடுக்கட்டும். தம்மிடம் மிகுந்ததை வைக்க விரும்பினால் வைக்கட்டும். இன்று எடுத்தவர் நாளை வைப்பார்.

நம் கல்லூரிக்கு என் வேண்டுகோள் இதுதான். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பெற்றது. ஆண்டுதோறும் முகாம் சென்று சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அந்த அறையில் ஓர் அலமாரியைத் தையல் சாமான்களுக்கு ஒதுக்குவோம். ஆயுத பூசைக்கு முந்திய வாரம் எல்லா வீட்டிலும் மிஷின் துடைக்கப்படும் வாரம். அந்த வாரமே சேகரிப்பு வாரமாகட்டும். போகியன்று தீயில் போடுவதற்கு முன்பே பொருளுக்கு ஒரு வாழ்வு கிடைக்கும். சேர்ந்தவற்றை மாணவ மாணவியர் சோதித்து, பிரித்து, சீட்டு எழுதி வைப்போம். நாம் முகாம் செல்லும் ஊரில் தையல் தொழில் செய்வோரிடம் முன்னதாகவே கேட்டு, அவர்கள் சொன்னதை மட்டும் கொண்டு செல்வோம்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். இது மகளிர் பக்கம் என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். கடைத்தெருவில் மிஷின் மிதிப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கூலிக்குத் தைத்தால் ஆண் தொழில், வீட்டில் தைத்தால் பெண் வேலை என்பது என்ன நீதி? விடுதியில் சட்டைப் பட்டன் அறுந்தால் ஊருக்குப் போகும்வரை ஊக்கு குத்திக்கொண்டு திரியும் தோழர்களை நான் அறிவேன். அலமாரி அமைந்தால் ஊசியும் நூலும் அங்கே கிடைக்கும். பட்டன் தைக்கக் கற்றுத் தரவும் ஆள் இருப்பார்கள்.

ஒரு நூல்கண்டால் வறுமை ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பட்டம் பெறப்போகும் நாம், நாளை பெரிய பதவிக்கு வந்து பெரிதாகக் கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். அதுவரை கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை என்று நினைப்பது சரியன்று. இந்த மலரை மூடி வைத்ததும் உங்கள் வீட்டு டின்னைத் திறந்து பாருங்கள். வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, எஞ்சியதில் நல்லதைத் தனியே வையுங்கள். பிறகு உங்கள் தெருவில் தைப்பவர் யார் என்று விசாரித்து, அவருக்கு என்ன நிறத்தில் நூல் வேண்டும் என்று கேளுங்கள்.